சீதபேதி என்று சொல்லப்பட்ட நோய்

திருமயம் அன்று புதுக்கோட்டை சமஸ்தானத்தில் இருந்தது. அதே சமஸ்தானத்தில் 1886இல் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி, 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். ‘முதல் பெண்’ என்ற பட்டியல்களில் அவரைப் படித்திருப்போம். அவருடைய தங்கையைப் பற்றி அதிகம் படித்திருக்க மாட்டோம்.

தங்கைக்கு வந்தது சீதபேதி என்றார்கள் மருத்துவர்கள். உண்மையில் அது மலக்குடல் புற்றுநோய். 1923இல் அவர் இறந்தார். மருத்துவர் இருந்த குடும்பத்துக்கே இந்தக் கதி.

இரண்டு நோயிலும் மலத்தோடு ரத்தமும் சளியும் போகும்; குழப்பம் எளிது. ஆனால் மலக்குடலின் கீழ்ப்பகுதியில் உள்ள கட்டியைப் பெரும்பாலும் விரலால் தொட்டே அறியலாம். அதற்குப் பெண் கூச்சமின்றிச் சொல்ல வேண்டும். மருத்துவரும் ‘சூடு, மூலம்’ என்று தள்ளிவிடாமல் பரிசோதிக்க வேண்டும். இடுப்புக்குக் கீழே வரும் நோயைப் பேசக்கூடாது என்று வளர்க்கப்பட்ட பெண்களுக்கு இந்த முதல் படியே பெரிய தடை.

அந்த இழப்பை முத்துலட்சுமி விதி என்று விட்டுவிடவில்லை. 31 ஆண்டுகள் கழித்து, 1954இல், 12 படுக்கைகளுடன் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை தொடங்கியது. அதைக் கருணையின் சின்னம் என்று மட்டும் எழுதுவது பாதி வரலாறு. தவறாகக் கணிக்கப்பட்ட ஒரு பெண்ணுடலுக்கு அவளுடைய அக்கா கேட்ட நியாயமும் அதில் இருக்கிறது.