போர்டு மாறும், பட்டறை மாறாது

அம்பாசடர் என்றதும் கல்கத்தாதான் ஞாபகம் வரும். அதைத் தயாரித்த பிர்லாக்களின் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸுக்கு நம்ம திருவள்ளூரிலும் தொழிற்சாலை இருந்தது, தெரியுமோ?

1970-களில் அங்கே செய்தது கார் இல்லை. மண் அள்ளும் ராட்சத இயந்திரங்கள். பிற்பாடு அந்தப் பிரிவை அமெரிக்காவின் கேட்டர்பில்லர் வாங்கிக்கொண்டது. அதற்கு முன்பே, 1998-ல், ஜப்பானின் மிட்சுபிஷியோடு கைகோர்த்து லான்சர் காரை இறக்கியிருந்தார்கள். கொஞ்ச காலம் ராஜநடை. அப்புறம் போட்டியில் மங்கிப்போனது.

2014-ல் கல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் அம்பாசடருக்கே மூடுவிழா. திருவள்ளூரோ தப்பித்தது. 2021-ல் லான்சர் பிறந்த அதே தொழிற்சாலையில் பிரான்ஸின் சிட்ரோன் கார் தயாரானது.

எப்படி? பாடியில் 1960-களிலிருந்தே பிரேக்கும் சக்கரமும் செய்து பழகிய கம்பெனிகள். கூப்பிடு தூரத்தில் துறைமுகம். கூடவே ஹூண்டாய் மாதிரி பெரிய கார் கம்பெனிகள். ஒருவர் கடையைக் கட்டினாலும் அடுத்தவர் வந்து திறக்க இது போதும். உத்தர்பாராவுக்கு இந்த அக்கம்பக்கம் வாய்க்கவில்லை.

எத்தனை கம்பெனி புதுசாக வந்தது என்றே கணக்குப் போடுகிறோம். போன இடத்தை நிரப்ப ஆள் வருகிறதா என்பதுதான் ஓர் ஊரின் நிஜமான பலம்.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. கட்டடத்துக்கு மறுபிறவி சுலபம். இரண்டு போர்டுகளுக்கு நடுவே, நாற்பது வயதில் வேலை போன தொழிலாளிக்கு?