எளியமுறை உடற்பயிற்சி

எளியமுறை உடற்பயிற்சி என்பது வேதாத்திரி மகரிசி (ஆகத்து 14, 1911 – மார்ச் 28, 2006) வகுத்த, நாள்தோறும் வீட்டிலேயே செய்யத்தக்க பயிற்சித் தொகுப்பு ஆகும். மனவளக்கலை எனப்படும் அவரது முறையில் தவம், காயகல்பம், அகத்தாய்வு ஆகியவற்றுடன் இதுவும் ஓர் அங்கமாகும். தொகுப்பு முழுவதையும் செய்து முடிக்க ஏறத்தாழ அரை மணி முதல் முக்கால் மணி நேரம் ஆகும். கருவியோ மைதானமோ தேவையில்லை. ஒருவர் கைகால் நீட்டிப் படுக்கும் அளவு இடம் போதும். தொடங்கிய உடற்பயிற்சியைக் கைவிடாமல் தொடர்வது எப்படி என்ற கேள்விக்குத் தமிழ்நாட்டில் கிடைத்த விடைகளுள் பரவலாக அறியப்பட்டது இது.

தோற்றம்

வேதாத்திரி மகரிசி இன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் கூடுவாஞ்சேரியில் ஒரு நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். இளமையில் தாமும் தறி நெய்தவர். தறியில் அமர்ந்திருப்பவரின் கையும் காலும் ஓயாமல் இயங்கினாலும் முதுகும் கழுத்தும் நெடுநேரம் ஒரே நிலையில் இருக்கும். இன்று கணினி முன் அமர்வோரின் நிலையும் இதிலிருந்து அதிகம் வேறுபட்டதன்று. அவர் 1958 ஆம் ஆண்டில் உலக சமுதாய சேவா சங்கத்தை நிறுவினார். 1984 இல் கோயம்புத்தூர் மாவட்டம் ஆழியாற்றில் அறிவுத்திருக்கோயில் நிறுவப்பட்டது. ஊர்தோறும் உள்ள மனவளக்கலை மன்றங்கள் வழியாக இப்பயிற்சி பரவியது.

பயிற்சிகள்

தொகுப்பில் ஒன்பது பகுதிகள் உள்ளன. நின்றபடி செய்யும் கைப்பயிற்சியில் தொடங்கி, அமர்ந்து செய்யும் கால்பயிற்சி, மூச்சுப்பயிற்சி, கண்பயிற்சி, கபாலபதி என்று தொடர்ந்து, பின் படுத்த நிலையில் மகராசனம், உடல் தேய்த்தல், அக்குபிரஷர், உடல் தளர்த்தல் என முடியும். யோக நூல்களில் மகராசனம் என்பது பொதுவாகக் குப்புறப் படுத்துச் செய்வதாகும். இங்கோ மல்லாந்து படுத்துத் தலையையும் கால்களையும் எதிரெதிர்ப் பக்கம் திருப்பி முதுகெலும்பை முறுக்குவதே அப்பெயர் பெறுகிறது. பெயர் ஒன்றாக இருப்பதால் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வோர் உண்டு.

வெறும் வயிற்றில் செய்வது முறை. உயர் இரத்த அழுத்தம், குடலிறக்கம் உள்ளோரும் கருவுற்ற பெண்களும் கபாலபதியைத் தவிர்க்க வேண்டும். மற்ற பகுதிகளை மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு செய்யலாம்.

பழக்கமாதல்

இத்தொகுப்பின் வலிமை அதன் அசைவுகளைவிட அதன் ஒழுங்கில் உள்ளது எனலாம். வரிசை மாறுவதில்லை, ஒன்று முடிந்தால் அடுத்தது எது என்று எண்ண வேண்டியதில்லை. மழை, வெயில், இருட்டு ஆகியன தடையாவதும் இல்லை.

பழக்கம் உருவாவது பற்றி இலண்டன் யுனிவர்சிட்டி கல்லூரி ஆய்வாளர்கள் 96 தன்னார்வலர்களைக் கொண்டு நடத்திய ஆய்வு 2010 இல் அச்சில் வெளிவந்தது. ஒவ்வொருவரும் ஒரு புதிய செயலை நாள்தோறும் அதே சூழலில், எடுத்துக்காட்டாகக் காலை உணவுக்குப் பின், செய்துவந்தனர். அச்செயல் தன்னியல்பாக நிகழும் நிலையை எட்ட 18 முதல் 254 நாட்கள் வரை ஆகும் எனக் கணிக்கப்பட்டது; இடைநிலை மதிப்பு 66 நாட்கள். உண்ணல், பருகல் சார்ந்த பழக்கங்களைவிட உடற்பயிற்சி படியக் கூடுதல் காலம் பிடித்தது. இடையில் ஒரு நாள் தவறியதால் பெரிய பாதிப்பு ஏற்படவில்லை. 21 நாளில் எப்பழக்கமும் வந்துவிடும் என்று மேடைகளில் சொல்லப்படுவதற்கு இவ்வாய்வு இடந்தரவில்லை. மூன்று வாரத்தில் சலிப்புற்று நிறுத்துவோர் பலர் உண்மையில் பாதி வழியைக்கூடக் கடக்காதவர்கள்.

மேற்கண்ட ஆய்வில் பழக்கத்துக்கு அடையாளமாக அமைந்தது அன்றாட நிகழ்வொன்றே. கடிகார மணி எல்லார்க்கும் பொருந்தாது. கூடுவாஞ்சேரி வழியாகச் செல்லும் அதே இருப்புப்பாதையில், பாலாற்றுக்குத் தெற்கே உள்ள படாளத்தில் மதுராந்தகம் கூட்டுறவு சர்க்கரை ஆலை அமைந்துள்ளது. சர்க்கரை ஆலைகள் அரவைக் காலத்தில் இரவு பகலாக இயங்குபவை. முறைப்பணி செய்பவர்க்குக் காலை ஐந்து மணி ஒரு வாரம் உறக்கம், மறு வாரம் வேலை. அத்தகையோர் "ஐந்து மணிக்கு" என்பதை விடுத்து "எழுந்து பல் துலக்கியதும்" என்று வைத்துக்கொள்வது ஏற்றது. பணிமுறை மாறினாலும் அந்நிகழ்வு மாறாது.

போதாமை

இப்பயிற்சி மூட்டுகளையும் தசைகளையும் நீட்டி மடக்குவதே அன்றி இதயத் துடிப்பை அதிகம் உயர்த்துவதன்று. உலக சுகாதார அமைப்பின் 2020 ஆம் ஆண்டு வழிகாட்டல், பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடலுழைப்பும், இரு நாட்களேனும் தசை வலுப் பயிற்சியும் மேற்கொள்ளப் பரிந்துரைக்கிறது. எளியமுறைப் பயிற்சி மட்டும் இதை நிறைவுசெய்யாது, விரைநடையும் வேண்டும்.

2024 இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வெளியான மதிப்பீட்டின்படி, 2022 இல் இந்தியப் பெரியவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் போதிய உடலுழைப்பு இல்லாதவர்கள். பெண்களில் இது 57 விழுக்காடு, ஆண்களில் 42 விழுக்காடு. இருட்டுடன் எழுந்து தனியே நடக்கப் பெண்கள் தயங்கும் ஊர்களில் வீட்டினுள் செய்யும் பயிற்சியின் பயன் இங்கு புலனாகும்.

தமிழ்நாடு அரசு 2023 நவம்பர் 4 அன்று "நடப்போம் நலம் பெறுவோம்" என்னும் திட்டத்தைத் தொடங்கி, 38 மாவட்டங்களிலும் எட்டு கிலோமீட்டர் நடைபாதைகளை அடையாளப்படுத்தியது. ஆயினும் மாவட்டத்துக்கு ஒரு பாதை என்பது தொலைவிலுள்ள சிற்றூர்களுக்கு எட்டாது. படாளம் போன்ற நெடுஞ்சாலை ஊர்களில் வண்டிகள் விரையும் சாலையோரத்தைவிட ஏரிக்கரையோ பள்ளித் திடலோ நடப்பதற்கு ஏற்ற இடமாகும்.