இல்லாத நாட்டை விற்றவன்

களவும் வஞ்சகமும் ஒன்றல்ல. கள்வன் இருளை நாடுவான். வஞ்சகனோ பட்டப்பகலிற் பலர் காணத் தன் தொழிலை நடத்துவான். காண்போர் கண்ணை ஓரிடத்தில் நிலைக்கச் செய்துவிட்டு, வேறோரிடத்திற் கைவரிசையைக் காட்டுவதே அவன் வித்தை. இதற்கு வரலாறு தரும் சான்றுகளுள் ஒன்று கிரெகர் மக்கிரெகரின் கதையாகும்.

1786 இல் பிறந்த ஸ்கொட்லாந்தியனாகிய மக்கிரெகர், வெனெசுவேலாவின் விடுதலைப் போரிற் பொலிவாரின் கீழ்த் தளபதியாய்ப் பணியாற்றியவன். 1820 இல், மத்திய அமெரிக்காவின் மொஸ்கிற்றோக் கரையை ஆண்ட மன்னனிடம் ஏறத்தாழ எண்பது இலட்சம் ஏக்கர் நிலத்துக்குச் சாசனம் பெற்றான். மறு ஆண்டில் இலண்டன் வந்தபோது, தான் 'பொயாயிஸ்' என்னும் நாட்டின் அதிபதி எனப் பறைசாற்றினான்.

அந்நாட்டுக்கு இலச்சினை இருந்தது. அச்சிட்ட நாணயத்தாள் இருந்தது. வளம் கூறும் பெருநூலும் இருந்தது. நாடு மட்டும் இல்லை!

காலமும் அவனுக்கு வாய்ப்பாயிற்று. நெப்போலியப் போர்கள் 1815 இல் முடிந்தபின் பிரித்தானிய அரசின் கடன்பத்திரங்களுக்கு வட்டி குறைந்தது. 1822 இல் கொலம்பியா, சிலி, பெரு ஆகிய புதிய நாடுகள் இலண்டனிற் கடன் திரட்டின. அவற்றின் நடுவே பொயாயிசும் இரண்டு இலட்சம் பவுணுக்கு, ஆறு வீத வட்டியிற் பத்திரம் வெளியிட்டது. மெய்யான நாடுகளின் வரிசையில் நின்றமையால் பொய்யான நாடும் மெய்போலத் தோன்றிற்று.

பணம் இழந்தோர் நிலை ஒருபுறமிருக்க, உயிர் இழந்தோர் நிலை பெரிதும் இரங்கத்தக்கது. 1822 செப்டெம்பரிலும் 1823 ஜனவரியிலும் இரு கப்பல்களில் ஏறத்தாழ 250 பேர் புறப்பட்டனர். தம் சேமிப்பைப் பொயாயிஸ் நாணயத்தாளாக மாற்றிச் சென்றவரும் அவருட் பலர். அவர்கள் கண்டது தலைநகரமன்று, காடும் சதுப்புநிலமுமே. மழையும் காய்ச்சலும் அவர்களை வாட்டின. அரச குடும்பத்துக்குப் பாதணி செய்யும் பதவியை நம்பி வந்த தொழிலாளி ஒருவர் மனமுடைந்து தம்முயிரை மாய்த்துக்கொண்டார். பெலீசிலிருந்து உதவி வந்தபோதும் பலரைக் காக்க இயலவில்லை. பிரித்தானியாவுக்கு மீண்டோர் ஐம்பதின்மருக்கும் குறைவு.

வியப்பு யாதெனின், மீண்டோருட் சிலர் மக்கிரெகர் குற்றமற்றவன் எனச் சத்தியம் செய்தமையே. தம் நம்பிக்கையைப் பொய்யென ஒப்புதல் இழப்பைத் தாங்குவதினும் அரிது போலும். அவன் பாரிசிலும் அதே திட்டத்தைத் தொடங்கினான். அங்கே 1825 இற் சிறைப்பட்டு, 1826 இல் விடுதலை பெற்றான். இறுதியில் வெனெசுவேலாவில் ஓய்வூதியம் பெற்று வாழ்ந்து, 1845 இல் இறந்தான்.

அவன் சொன்ன யாவும் பொய்யல்ல. போர்ப்பணி மெய், சாசனம் மெய், கரையும் மெய். அவற்றை ஆராய்ந்தோர் ஐயம் தீர்ந்தனர். அந்நகரத்தைக் கண்டு வந்தவர் யார் என்னும் கேள்வியோ கேட்கப்படாமலே போயிற்று. வஞ்சகன் விரும்பிக் காட்டும் சான்றுகளை எண்ணுவதிலும், அவன் காட்டாததைத் தேடிக் கேட்பதே அறிவுடைமை.