எழவு வீட்டுப் பாட்டும் மைக்கும்

எங்க ஆயா ஒப்பாரி வைத்தால் கல்மண்டபம் ரோட்டில் போகிற ரிக்‌ஷாகூட நின்று கேட்டுவிட்டுத்தான் போகும் என்பார்கள். நானே பார்த்திருக்கிறேன். எழவு விழுந்த வீட்டு வாசலில் பொம்பளைகள் தோளோடு தோள் கட்டி வட்டமாய் உட்கார, ஆயா குரல் எடுப்பாள். செத்தவன் ஹார்பரில் எத்தனை வருசம் மூட்டை தூக்கினான், யாரிடம் கடன்பட்டான், யாரை அடித்தான், யாருக்குச் சோறு போட்டான், எல்லாம் பாட்டில் வந்துவிடும். எழுதிவைத்த பாட்டு கிடையாது. அங்கேயே கட்டி அங்கேயே விட்டுவிடுவது. பொழுது சாய்ந்ததும் பொம்பளைகள் உள்ளே போய்விட வேண்டும். பந்தலில் டியூப்லைட் எரியும், டோலக் வரும், மைக் வரும். ஆம்பளைகள் விடியவிடிய கானா பாடுவார்கள். பகலெல்லாம் தொண்டை கிழியப் பாடியவளிடம் மைக்கை யாரும் நீட்டியதில்லை. அவளும் கேட்டதில்லை.

இந்தக் கட்டுரை அந்த மைக்கைப் பற்றியது.

எழுதத் தூண்டியவள் என் அக்கா மகள். பதினைந்து வயசு. போன மாசம் மொட்டைமாடியில் நின்று அடிவயிற்றிலிருந்து உறுமிக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டுக்காரம்மா ஓடிவந்து, "இன்னாம்மா, பொண்ணுக்கு எதுனா புடிச்சிகிச்சா? மந்திரிச்சிட்டு வா" என்றார். இவள் சிரித்துக்கொண்டே செல்போனைக் காட்டினாள். ஹெவி மெட்டல் குழு ஒன்று. நடுவில் ஒரு பெண் நின்று சிங்கம் மாதிரி கர்ஜிக்கிறாள். "சித்தி, இப்ப இதுலல்லாம் பொண்ணுங்கதான் கலக்குறாங்க" என்றாள். எனக்கு அந்த இசை தெரியாது. அதன் கதையைத் தேடிப் படித்தபோது, அது வெள்ளைக்காரப் பணக்காரப் பிள்ளைகளின் கூத்து என்று நான் நினைத்திருந்தது தவறு என்று புரிந்தது.

ஹெவி மெட்டல் பிறந்தது இங்கிலாந்தில், பர்மிங்ஹாம் தொழிற்பேட்டையில். 'பிளாக் சபாத்' குழுவின் நால்வரும் ஆஸ்டன் பகுதியின் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். கிதார் வாசித்த டோனி அயோமிக்குப் பதினேழு வயசில் தகரத் தொழிற்சாலை இயந்திரத்தில் வலது கையின் இரண்டு விரல் நுனிகள் போய்விட்டன. வேலையை விட்டு நிற்பதாயிருந்த கடைசி நாள் அது. இடது கைப் பழக்கக்காரர் என்பதால் தந்தியை அழுத்த வேண்டிய விரல்களே அவைதான். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கித் தொப்பி செய்து விரலில் மாட்டிக்கொண்டார். மெல்லிய தந்தி போட்டார், பிறகு தந்தியின் இறுக்கத்தையும் தளர்த்தினார். அந்தக் கனத்த, இருண்ட ஒலியில் அறுபட்ட விரலுக்கும் பங்குண்டு. அவர்களின் முதல் இசைத்தட்டு 1970இல் வந்தது.

இரும்புச் சத்தத்தில் வளர்ந்த சனம் இரும்புச் சத்தத்தையே பாட்டாக்கியது. நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1856இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் கிளம்பியது நம் ராயபுரத்திலிருந்து. பக்கத்திலே ஹார்பர், அந்தாண்டை எண்ணூரில் லாரி கம்பெனி, மணலியில் எண்ணெய் ஆலை. இந்த வடசென்னையின் உழைக்கும் சேரிகளில் வளர்ந்ததுதான் கானா. மேசையும் தீப்பெட்டியும்கூட அதற்கு வாத்தியம். நான் எம்.ஏ. தமிழ் படித்த கல்லூரியில் கானாவை ஆய்வுக்கு எடுக்கிறேன் என்றபோது, "அது குடிகாரன் பாட்டும்மா, இலக்கியம் இல்லை" என்றார் ஒரு பேராசிரியர். மெட்டலையும் அதன் ஊர்ப் பண்டிதர்கள் இப்படித்தான் இரைச்சல் என்றார்கள்.

ஆனால் ஒடுக்கப்பட்டவர்களின் கலையில் ஒடுக்குமுறை இருக்காது என்று நினைத்துவிடக் கூடாது. மெட்டல் மேடையும் நெடுங்காலம் ஆம்பளை மேடைதான். 1978இல் லண்டனில் 'கேர்ள்ஸ்கூல்' என்ற முழுப் பெண்கள் குழு தொடங்கியது. 1980களில் ஜெர்மனியின் டோரோ பெஷ் 'வார்லாக்' குழுவின் முன்னணிக் குரலானார். 1996இல் பின்லாந்தில் தொடங்கிய 'நைட்விஷ்' குழுவில் தார்யா துருனென் செவ்வியல் பயிற்சி பெற்ற குரலை மெட்டலின் மேல் ஏற்றினார். அந்தப் பாணி ஐரோப்பா முழுக்கப் பரவியது. இது வரை ஏற்றுக்கொண்டவர்கள்கூட, உறுமல் மட்டும் ஆணுக்குரியது என்றார்கள். 2000இல் ஸ்வீடனின் 'ஆர்ச் எனிமி' குழுவில் ஏஞ்சலா கோசோ சேர்ந்து அந்த வேலியையும் உடைத்தார். 2014இல் அவர் விலகியபோது அந்த இடத்துக்கு வந்ததும் ஒரு பெண்தான், அலிசா வைட்-கிளஸ்.

எனக்கு நெருக்கமாய்ப் பட்டது இந்தோனேசியக் கதை. மேற்கு ஜாவாவின் காருட் பகுதியில் மூன்று பள்ளிக்கூடப் பெண்கள் 2014இல் 'வாய்ஸ் ஆஃப் பாச்செப்ரொட்' என்ற மெட்டல் குழுவைத் தொடங்கினார்கள். முக்காடு போட்ட கிராமத்துப் பெண்கள். பொம்பளைக்கு இது அடுக்குமா என்று ஊர் தூற்றியது, மிரட்டலும் வந்தது. அவர்கள் நிற்கவில்லை. 2024இல் இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி விழாவில் பாடிய முதல் இந்தோனேசியக் குழு அவர்களுடையது. 'பாச்செப்ரொட்' என்றால் சுண்டா மொழியில் சளசளவென்று சத்தம் போடுவது. நம் பாஷையில் சொன்னால் வாயாடி.

வாயாடி என்பது நம் பொம்பளைகளுக்குப் புதுப் பட்டம் இல்லை. காசிமேட்டில் விடியற்காலை மீன் ஏலத்தில் நிற்கிற பெண்களின் குரலைக் கேளுங்கள். எஞ்சின் சத்தத்துக்கு மேலே போகும். அந்தக் குரலைத்தான் 'மீன்காரி மாதிரி கத்தாதே' என்று ஊர் பழிக்கிறது. பெண் குரல் என்றால் மெல்லியதாய், தேன் மாதிரி இருக்க வேண்டும் என்று சொல்லிவைத்தது யார்? வெயிலில் கூவி விற்காதவர்கள் சொன்னது அது. குரலுக்கும் சாதி உண்டு, வர்க்கம் உண்டு.

நம் பொம்பளை அடிவயிற்றிலிருந்து கத்த இரண்டு இடங்களில் மட்டும் அனுமதி. ஒன்று எழவு வீடு. இன்னொன்று ஆடி மாசம் கூழ் ஊற்றும்போது மேலே ஆத்தா இறங்கினால். அப்போது அவள் உறுமலாம், ஊர்ப் பெரியவரை 'டேய்' என்றுகூடக் கூப்பிடலாம். ஏனென்றால் பேசுவது அவள் இல்லையாம். அவள் அவளாகவே நின்று உறுமினால் மந்திரிக்கக் கூட்டிப் போகிறார்கள். அதே ஆடி மாசம் நம் தெரு ஒலிபெருக்கியில் வருகிற எல்.ஆர். ஈஸ்வரியை நினைத்துப் பாருங்கள். 1961இல் 'பாசமலர்' படத்தில் கவனம் பெற்ற அந்தக் குரலை சினிமா பெரும்பாலும் கிளப் டான்சுக்கும் குறும்புப் பாட்டுக்கும் என்று ஒதுக்கியது. நாயகிக்குப் பாடுகிற 'குடும்பக் குரல்' வேறு. கடைசியில் நம் சனம்தான் அந்தக் குரலை மாரியம்மனுக்கென்று எடுத்துக்கொண்டது.

இனி நம் தெருவுக்கு வருவோம். இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் தென்மாவும் சேர்ந்து உருவாக்கிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் முதல் மேடை ஏறியது. அயோத்திதாசப் பண்டிதரின் 'சாதிபேதமற்ற' என்ற சொல்லிலிருந்து எடுத்த பெயர். கானாவும் ராப்பும் ராக்கும் கலந்தது. பறையும் சட்டியும் எலக்ட்ரிக் கிதாரும் ஒரே மேடையில். பத்தொன்பது பேரில் பெண் ஒருவர்தான். ராயபுரத்துக்காரரான இசைவாணி. இசைக் கலைஞரின் மகள், சின்ன வயசிலிருந்து மேடையில் பாடியவர். ஆம்பளைகளின் கோட்டையான கானாவை அவர் மைக் பிடித்துப் பாடினார். 2020இல் பி.பி.சி.யின் நூறு பெண்கள் பட்டியலில் அவர் பெயர் வந்தது. அன்றைக்கு எங்க தெருவில் யாரும் பட்டாசு வெடிக்கவில்லை. ஆனால் குழாயடியில் அவர் பேச்சுத்தான்.

அவருக்கு முன்னாலேயே திண்டுக்கல்லில் சக்தி கலைக்குழுவின் தலித் பெண்கள் பறையைத் தோளில் மாட்டினார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. சாவுக்கு அடிக்க ஆம்பளையைக் கட்டாயப்படுத்திய சமூகம், பெண்ணை அந்தத் தோலைத் தொடவே விட்டதில்லை. அவர்கள் அதை விடுதலை வாத்தியமாய் அடித்தார்கள்.

இந்தப் புகழைப் பார்த்து மகிழ்கிற நேரத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். மெட்டலில் 'பெண் குரல் குழு' என்பதையே ஒரு தனி ரகம் மாதிரி விற்கிறார்கள். எங்கள் இசையைச் சொல்லாமல் எங்கள் பாலினத்தைச் சொல்கிறீர்களே என்று அந்தப் பெண்களில் பலர் கோபப்படுகிறார்கள். நியாயம்தானே? 'முதல் பெண் கானா பாடகி' என்ற பட்டத்திலும் இந்த ஆபத்து உண்டு. ஒருத்தியை மேடையில் நிறுத்திக் கைதட்டிவிட்டு, இரண்டாவது ஆள் எங்கே என்று நாம் கேட்பதில்லை. மற்றபடி எல்லாம் நம் தோழர்கள்தான். ஆனால் ராத்திரிக் கச்சேரி முடிந்து ஒரு பெண் பத்திரமாய் வீடு திரும்ப வண்டி ஏற்பாடு செய்ய எத்தனை தோழர்களுக்குத் தோன்றுகிறது?

பழி என்று வந்தால் மட்டும் அந்த ஒருத்தி உடனே அகப்படுவாள். பெண்களின் கோயில் நுழைவு உரிமையைப் பேசிய பாட்டொன்றை 2018இல் இசைவாணி அந்தக் குழுவோடு பாடினார். ஆறு வருசம் கழித்து, 2024 நவம்பரில், அதைத் தோண்டியெடுத்துப் புகார் கொடுத்தார்கள். மிரட்டலும் வசவும் குவிந்தன. பாட்டு ஒரு குழுவுடையது. குறிவைக்க வசதியாய் இருந்ததோ அதைப் பாடிய பெண்ணின் முகம். காருட் பெண்களுக்கு நடந்ததும் இதுதான். மைக்கைப் பிடிப்பதோடு கதை முடிவதில்லை, பிடித்த கையைத் தனியாய் விடாமல் இருப்பது மிச்சம் இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா மகளிடம் கேட்டேன், "தொண்டை புண்ணாகாதாடி?" தொண்டையைச் சுரண்டினால் புண்ணாகும், மூச்சை வயிற்றிலிருந்து எடுத்து, குரல்நாணுக்கு மேலே இருக்கிற மடிப்பை அதிரவிட வேண்டும் என்று செய்து காட்டினாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அடிவயிற்றில் கை வைத்து மூச்சிழுத்துக் குரல் எடுப்பது எங்க ஆயா செய்ததுதான். மூணு நாள் ஒப்பாரி வைத்தும் அவள் தொண்டை கட்டியதில்லை. இவள் ஆயாவைப் பார்த்ததே இல்லை.

"ஆயா இன்னா பாட்டு சித்தி பாடும்?" என்று கேட்டாள். எனக்கு ஒன்றுகூட முழுசாய் ஞாபகம் இல்லை. எம்.ஏ. படித்தவள் ஒன்றையும் எழுதிவைக்கவில்லை. ஆயா கூடவே உட்கார்ந்து பாடியவர்களில் ஒரு பெரியம்மா பழைய வண்ணாரப்பேட்டையில் உயிரோடு இருக்கிறார். இந்த வாரம் இரண்டு பேரும் போகிறோம். இவள் செல்போனை நீட்டிப் பதிவு செய்வாள். ராத்திரியானாலும் எழுந்துவரப் போவதில்லை.