பாதியில் வராமல் போன நோயாளியை எப்படி எண்ணுவது?

சிவகிரியில் ஒருவருக்கு ஹார்ட் ஃபெயிலியர், அதாவது இதயச் செயலிழப்பு, என்று சொல்லிவிட்டால் திருநெல்வேலிக்கோ மதுரைக்கோ போவார்கள். இல்லாவிட்டால் செங்கோட்டை, ஆரியங்காவு தாண்டித் திருவனந்தபுரம். செங்கோட்டையே 1956 வரை அந்தப் பக்கத்து ஊர்தானே!

"இன்னும் எத்தனை வருஷம்?" என்பதுதான் வீட்டார் கேட்கும் முதல் கேள்வி. இதற்குக் கணக்கு போடுவது லேசில்லை. பத்து நோயாளிகள் என்று வைத்துக்கொள்வோம். மூன்றாம் மாதம் ஒருவர் இறக்கிறார். நான்காம் மாதத்தோடு இரண்டு பேர் செக்கப்புக்கு வருவதில்லை. ஆறாம் மாதம் இன்னொருவர் இறக்கிறார். வராதவர்களை உயிரோடு சேர்த்தால் பிழைப்பு 80 சதவீதம், இறந்தவர்களோடு சேர்த்தால் 60. எது சரி?

இதற்கு வழி சொன்னது 1958இல் வந்த ஒரு கட்டுரை. எட்வர்ட் கேப்லன் பெல் ஆய்வுக்கூடத்தில் கடலடி டெலிபோன் கேபிளின் வால்வுகள் எத்தனை காலம் உழைக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தார். பால் மையர் பார்த்தது நோயாளிகளின் ஆயுளை. இருவரும் தனித்தனியே ஒரே பத்திரிகைக்கு அனுப்ப, ஒன்றாக எழுதுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் சொன்ன வழி ரொம்ப எளிமை: ஒவ்வொரு சாவின்போதும் கணக்கில் இருப்பவர்களை மட்டும் எண்ணு. முதலில் 9/10, பிறகு மிச்சமிருந்த ஏழு பேரில் 6/7. பெருக்கினால் சுமார் 77 சதவீதம். வராமல் போனவர்கள் வந்த வரைக்கும் கணக்கில் உண்டு.

1972இல் டேவிட் காக்ஸ் அடுத்த படியைக் கட்டினார். வயது, கிரியாட்டினின், இதயம் ரத்தத்தைத் தள்ளும் திறன் என ஒவ்வொன்றும் சாவின் வேகத்தை எத்தனை மடங்கு கூட்டுகிறது என்று பிரித்துப் பார்க்க அவர் மாதிரி உதவியது. அடிப்படை வேகம் இன்னதென்று முன்கூட்டியே சொல்லவும் தேவையில்லை.

இந்த வகைக் கணக்கு நம்ம பக்கத்தில் பெரிய அளவில் நடந்தது ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் ஹரிகிருஷ்ணன் குழு நடத்திய திருவனந்தபுரம் இதயச் செயலிழப்புப் பதிவேட்டில். 2013இல் அந்த மாவட்டத்தின் 18 மருத்துவமனைகளில் 1205 நோயாளிகள். அதில் 5 கிராமப்புறத்தவை. சராசரி வயது 61தான். மூன்றாண்டில் சுமார் 45 சதவீதமும் ஐந்தாண்டில் 59 சதவீதமும் இறந்திருந்தார்கள். பல புற்றுநோய்களை விட மோசமான எண் இது. ஆனால் புற்றுநோய் என்றால் பதறுகிற வீடு, "ஹார்ட் கொஞ்சம் வீக்" என்றால் சும்மா இருந்துவிடுகிறது.

முதல் 90 நாள் சாவோடு சேர்ந்து வந்த காரணங்களில் வயதும் கிரியாட்டினினும் எதிர்பார்த்தவை. கூடவே குறைந்த படிப்பும் முழுமையாகக் கிடைக்காத மருந்தும் இருந்தன. இந்தக் கடைசி இரண்டுக்கும் ஸ்கேன் எதுவும் தேவையில்லை.

கேப்லன், மையர் முறையில் ஒரு நிபந்தனை உண்டு. வராமல் போனவர்களும் மற்றவர்களைப் போலவே பிழைத்திருப்பார்கள் என்று அது எடுத்துக்கொள்கிறது. கேபிள் வால்வுக்கு அது பொருந்தும். பஸ் காசு இல்லாமலோ, மூச்சு வாங்கி நடக்க முடியாமலோ நின்றுபோனவருக்குப் பொருந்துமா? அப்படிப்பட்டவர்கள் கூடக்கூட, வரைபடத்தின் கோடு உண்மையை விட மேலேயே நிற்கும். அதனால் இப்படியொரு பதிவேட்டைப் படிக்கும்போது நான் முதலில் தேடுவது சாவு சதவீதத்தை அல்ல, எத்தனை பேரைப் பற்றிக் கடைசி வரை தகவல் கிடைத்தது என்பதைத்தான்.