கொல்லிமலைச் சாமைச் சோறு

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில் மலையாளிப் பழங்குடி மக்களின் அன்றாட உணவு ஒரு காலத்தில் சாமைச் சோறுதான். ஆறிய சோற்றில் மோர் ஊற்றி உண்டால் வயிறு குளிரும். அந்தச் சோறு ஏன் அருகிப் போனது தெரியுமா? சுவை குன்றியதாலன்று. சாமை மணியை இறுகப் பற்றியிருக்கும் கடினமான உமியே முக்கியக் காரணம். அதை நீக்கப் பெண்கள் உரலில் நெடுநேரம் குத்த வேண்டும். 1970, 80களில் ஜவ்வரிசி ஆலைகளுக்கான மரவள்ளி, காசு தரும் பயிராக மலையில் பரவியது. ரேஷன் அரிசியும் கிடைத்தது. சாமை நிலம் சுருங்கியது.

1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே பணி தொடங்கியது. பின்னர் உமி நீக்கும் சிறு இயந்திரங்கள் ஊர்களுக்கு வந்தன. உலக்கைக்கு ஓய்வு கிடைத்தது. 2023ஆம் ஆண்டை ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. சத்தைப் புகழ்ந்தால் மட்டும் சாமை அடுப்பேறாது. குத்தும் கையின் பாரமும் குறைய வேண்டும் என்பதை மறவாதீர்கள்.