நிலநடுக்கமும் நினைவும்: ஒரு வரலாற்று நோக்கு

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சிக்குச் செல்லும் சாலையில் அமைந்துள்ள ஊர் கீழ்பென்னாத்தூர். நிலநடுக்கம் என்பது குஜராத்துக்கும் இமயமலைக்கும் ஜப்பானுக்கும் உரிய துன்பம் என்றே இவ்வட்டார மக்களுள் பலர் கருதுகின்றனர். சுற்றிலும் நோக்குவோர்க்கு அக்கருத்து இயல்பானதாகவே தோன்றும். மேற்கே திருவண்ணாமலை, கிழக்கே செஞ்சிக் குன்றுகளில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்தாற் போன்ற பெரும் பாறைகள். தென்னிந்தியத் தீபகற்பத்தின் இப்பழம் பாறைகளின் வயது கோடிக்கணக்கான ஆண்டுகள். இத்தகைய நிலம் அசையாது என்ற நம்பிக்கையில் உண்மையும் உண்டு, ஆபத்தும் உண்டு. இவ்விரண்டையும் வரலாற்றின் துணைகொண்டு ஆராய்வது நம் நோக்கமாகும்.

அந்நம்பிக்கையை 1993 செப்டம்பர் 30ஆம் நாள் வைகறையில் நிகழ்ந்த கில்லாரி நிலநடுக்கம் தகர்த்தது. மகாராஷ்டிர மாநிலத்தின் லாத்தூர், உஸ்மானாபாத் மாவட்டங்களில் ஏறத்தாழ பத்தாயிரம் பேர் மாண்டனர். அப்போது நடைமுறையிலிருந்த இந்திய நிலநடுக்க வரைபடம் அப்பகுதியை மிகக் குறைந்த ஆபத்துடைய முதலாம் மண்டலத்தில் வைத்திருந்தது. நிலநடுக்கத்தின் அளவு ஆறுக்குச் சற்றே மேற்பட்டதுதான். எனினும் மண்சாந்தில் அடுக்கிய கனத்த கற்சுவர்களும், அவற்றின்மேல் ஏற்றப்பட்ட மண்கூரையின் பாரமும் உறங்கிக் கொண்டிருந்தவர்கள்மீது சரிந்தன. 2002ஆம் ஆண்டுத் திருத்தத்தில் முதலாம் மண்டலம் என்ற பிரிவே நீக்கப்பட்டது. நாட்டில் நடுக்கமே நேராத நிலம் என்று எதுவும் இல்லை என்பதை அம்மாற்றம் ஒப்புக்கொண்டது எனலாம்.

தமிழகமும் இதற்கு விலக்கன்று. 1900 பிப்ரவரி 8ஆம் நாள் கோயம்புத்தூர்ப் பகுதியில் ஏறத்தாழ ஆறு என மதிப்பிடப்படும் அளவில் ஒரு நிலநடுக்கம் நிகழ்ந்தது. தென்னிந்தியாவின் பெரும்பகுதி அதனை உணர்ந்தது. 2001 செப்டம்பர் 25ஆம் நாள் இரவு எட்டரை மணியளவில் புதுச்சேரிக்கு அப்பால் கடலடியில் ஏறத்தாழ ஐந்தரை அளவில் ஒரு நடுக்கம் ஏற்பட்டது. சேதம் சிறிது, அச்சமோ பெரிது. குஜராத்தின் பூஜ் நிலநடுக்கம் நிகழ்ந்து எட்டு மாதங்களே கடந்திருந்தன. அதன் இடிபாட்டுக் காட்சிகள் மக்கள் மனத்திலிருந்து அகலவில்லை. சென்னையிலும் புதுச்சேரியிலும் மக்கள் வீடுகளை விட்டுத் தெருவுக்கு வந்தனர். ஆனால் அவ்விரவின் அச்சம் நீண்ட காலம் நிலைக்கவில்லை. நாளடைவில் அது பேச்சிலிருந்தும் மறைந்தது. கோவையின் 1900ஆம் ஆண்டு நிகழ்வை இன்று நினைவுகூர்வோர் அரியர்.

அச்சத்துக்கும் மறதிக்கும் அப்பால், ‘இது ஏன் நிகழ்ந்தது?’ என்று பொருள் தேடும் இயல்பும் மனிதருக்கு உண்டு. 1934 ஜனவரி 15ஆம் நாள் பீகாரையும் நேபாளத்தையும் பெரும் நிலநடுக்கம் உலுக்கியது, பல்லாயிரவர் உயிரிழந்தனர். அப்போது ஹரிஜன யாத்திரையாகத் தமிழகத்தில் சுற்றுப்பயணம் செய்து கொண்டிருந்த காந்தியடிகள், தீண்டாமை என்னும் பாவத்துக்கு இறைவன் அளித்த தண்டனையே அது எனத் திருநெல்வேலியில் கூறினார். தீண்டாமையை எதிர்ப்பதில் அவருடன் ஒன்றிய கவி இரவீந்திரநாத் தாகூர் இக்கூற்றை ஏற்கவில்லை. இயற்கை நிகழ்வுகளுக்கு இயற்கைக் காரணங்களே உண்டு என்றும், அறநெறியை அவற்றுடன் பிணைப்பது மூட எண்ணங்களுக்கு வலுவூட்டும் என்றும் அவர் மறுத்துரைத்தார். அம்மறுப்பைக் காந்தியடிகள் தமது ‘ஹரிஜன்’ இதழிலேயே வெளியிட்டு, தம் விளக்கத்தையும் எழுதினார். இருபெரும் மனிதர் கண்ணியத்துடன் நடத்திய இவ்விவாதம் முடிவு காணாமலே நின்றது. பீகாரிலோ, சிறையிலிருந்து விடுதலையான இராஜேந்திர பிரசாத் நிவாரணப் பணியை ஒருங்கிணைத்துக் கொண்டிருந்தார்.

இதே கருத்து வேறுபாட்டைப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே முஸ்லிம் அறிஞர்களிடையிலும் காண்கிறோம். கி.பி. 1037இல் மறைந்த இப்னு சீனா, கிரேக்க மரபைத் தழுவி, பூமியின் உள்ளே அடைபட்ட ஆவி வெளியேற முயல்வதே நடுக்கத்தின் முதன்மைக் காரணம் என விளக்கினார். நிலநடுக்கம் நிலத்தை உயர்த்தி மலைகளை உருவாக்கக்கூடும் என்பதும் அவர் கருத்து. ஆவி பற்றிய விளக்கம் இன்று கைவிடப்பட்டது. எனினும் காரணத்தை இயற்கையினுள்ளேயே தேடிய முறை நிலைத்தது. கெய்ரோவில் வாழ்ந்த இமாம் ஜலாலுத்தீன் அஸ்-சுயூத்தி (கி.பி. 1445 – 1505) தத்துவ அறிஞர்களின் அவ்விளக்கத்தை மறுத்தார். நிலநடுக்கம் இறைவனின் எச்சரிக்கை என்பது அவருடைய நிலைப்பாடு. அதனை விளக்க அவர் இயற்றிய நூலே ‘கஷ்ஃபுஸ் ஸல்ஸலா அன் வஸ்ஃபிஸ் ஸல்ஸலா’ என்பதாகும்.

நாம் கருத வேண்டியது யாதெனில், சுயூத்தி தம் விளக்கத்தோடு நின்றுவிடவில்லை. முன்னோர் வரலாற்று நூல்களைத் துருவி, நூற்றுக்கும் மேற்பட்ட நிலநடுக்கங்களை ஆண்டு வரிசையில் தொகுத்தார். எந்த ஆண்டு, எந்த ஊர், என்ன சேதம் என்பவற்றை இயன்றவரை பதிவு செய்தார். ஐந்து நூற்றாண்டுகளுக்குப் பின், லண்டன் இம்பீரியல் கல்லூரிப் பேராசிரியர் நிக்கலஸ் அம்ப்ரேசிஸ் (1929 – 2012) போன்றோர் மத்திய கிழக்கின் நிலநடுக்க வரலாற்றை மீட்டெடுக்க முயன்றபோது, அரபு வரலாற்றாசிரியர்களின் இத்தகைய பதிவுகளே கைகொடுத்தன. கருவிகள் தோன்றும் முன் நிலம் எங்கே, எவ்வளவு வலுவாக நடுங்கியது என்பதை அறிய எழுத்துச் சான்று இன்றியமையாதது. இந்தியாவிலும் தாமஸ் ஓல்தாம் தொகுத்த நிலநடுக்கப் பட்டியல், அவர் மறைந்தபின் 1883இல் வெளிவந்து அவ்வகையில் பயன்பட்டது. சுயூத்தியின் விளக்கத்தை ஏற்போரும் மறுப்போரும் அவருடைய பட்டியலை ஒருங்கே பயன்படுத்துகின்றனர். பொருள் பற்றிய விவாதம் தொடர்கிறது. பதிவோ உயிர்களைக் காக்க உதவுகிறது.

நம்மைப் போன்ற நிலப்பகுதிக்கு இவ்வுண்மை மேலும் பொருந்தும். ஜப்பானில் ஒரு மனிதர் தம் வாழ்நாளில் பலமுறை நிலநடுக்கத்தை உணர்கிறார். அங்கே அனுபவமே ஆசிரியர். இங்கோ ஒரு வலிய நடுக்கத்துக்கும் அடுத்ததற்கும் இடையே பல தலைமுறைகள் கழிந்துவிடலாம். பாட்டன் கண்டதைப் பேரன் அறியான். ஆகவே அனுபவம் செய்ய வேண்டிய பணியை இங்கே ஏடும் சட்டமும் செய்ய வேண்டியுள்ளது. நிலநடுக்கம் தாங்கும் கட்டுமானத்துக்கான இந்தியத் தர விதி 1962ஆம் ஆண்டிலேயே வெளியிடப்பட்டது. 2002ஆம் ஆண்டுத் திருத்தம் தமிழகத்தை இரண்டாம், மூன்றாம் மண்டலங்களில் வைத்தது. விதி ஏட்டில் இருப்பது வேறு. சுவரில் இருப்பது வேறு. பூஜ் நிலநடுக்கத்தின்போது, மையத்திலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள அகமதாபாத்தில் அடுக்குமாடிகள் சரிந்தன. வாகனம் நிறுத்துவதற்காகத் தரைத்தளத்தைச் சுவரின்றித் தூண்கள்மேல் எழுப்பிய கட்டடங்கள் அவற்றுள் பல. அத்தகைய கட்டடங்கள் இன்று நம் சிற்றூர்ச் சாலைகளிலும் எழுகின்றன. கற்சுவரின் இரு முகங்களையும் பிணைக்கும் நீண்ட கற்கள், கதவு சன்னல்களுக்கு மேலே சுவர் முழுவதையும் சுற்றி வரும் கான்கிரீட் பட்டை, தூண் கம்பிகளை நெருக்கமாகக் கட்டும் வளையங்கள் ஆகியவை கட்டும் வேளையில் செய்தால் பெருஞ்செலவு வைப்பன அல்ல.

பழம் பாறை நமக்கு அளிக்கும் உறுதி எத்தகையது என்பதையும் இங்குத் தெளிவுபடுத்த வேண்டும். நெடுங்காலமாகச் சரியாமல் நிற்கும் சமநிலைப் பாறைகளைக் கொண்டு, ஓரிடத்தில் கடந்த காலத்தில் கடும் நடுக்கம் நேரவில்லை என ஆய்வாளர் மதிப்பிடும் முறை ஒன்று உண்டு. அது கடந்த காலத்துக்கான சான்று. நேற்று எழுப்பிய சுவருக்கான உத்தரவாதம் அன்று. 2024 டிசம்பர் 1ஆம் நாள் ஃபெஞ்சல் புயலின் பெருமழையில் திருவண்ணாமலை மலையடிவாரத்தில் மண்ணும் பாறையும் சரிந்து, சிறுவர்கள் உட்பட ஏழு பேர் உயிரிழந்தனர். அது நிலநடுக்கம் அன்று; மழையால் நேர்ந்தது. ஆயினும் அசையாதது என நம்பிய மலையின் அடியில் வீடுகள் பெருகியபோது எவரும் ஆபத்தை எண்ணவில்லை என்பதில் இரண்டும் ஒன்றே.

நபி (ஸல்) அவர்களின் மகனார் இப்ராஹீம் மறைந்த நாளில் சூரிய கிரகணம் ஏற்பட்டது. அம்மரணத்துக்காகவே கிரகணம் பிடித்தது என மக்கள் கூறியபோது, எவருடைய இறப்புக்காகவும் பிறப்புக்காகவும் அது நிகழ்வதில்லை என நபியவர்கள் திருத்தினார்கள். துயரத்தின் நடுவிலும் வதந்திக்கு இடமளிக்காத அந்நிதானம் நமக்குப் பாடமாகும். நாளும் மணியும் குறித்து நிலநடுக்கத்தை முன்னறிவிக்கும் ஆற்றல் இன்றும் எவருக்கும் இல்லை. நம்மால் இயன்றது, அடுத்த வீட்டை முறையாகக் கட்டுவதும், உணர்ந்த நடுக்கத்தைத் தேதியிட்டு எழுதி வைப்பதும் ஆகும். கீழ்பென்னாத்தூரின் பள்ளியிலோ நூலகத்திலோ பள்ளிவாசலிலோ அதற்கென ஒரு குறிப்பேடு இருந்தால், நம் பேரர்கள் அதற்காக நன்றி கூறுவர்.